கல் தரையில் வேலிக் குழி: டிராக்டர் ஆகர் வாங்கும் முன் மண்ணைப் பாருங்கள்

மாட்டுக் கொட்டகையைச் சுற்றி வேலி, டுரியான் தோட்டத்துக்கு வேலி, கோயில் நிலத்துக்கு வேலி, சேமிப்புப் பணத்தில் வாங்கிய செம்பனை நிலத்துக்கு வேலி. எந்த வேலியாக இருந்தாலும் முதல் வேலை குழி தோண்டுவதுதான். மண் மிருதுவாக இருந்தால் அது ஒரு பெரிய வேலையே இல்லை. தரையில் கல் கலந்திருந்தால்தான் கணக்கெல்லாம் மாறிவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 10 ஏக்கர் சதுர நிலம் என்றால் ஒரு பக்கம் 660 அடி. நான்கு பக்கமும் சேர்த்து 2,640 அடி. 8 அடிக்கு ஒரு கம்பம் நட்டால் 330 குழிகள். ஒவ்வொன்றும் இரண்டு முதல் இரண்டரை அடி ஆழம். கடப்பாறையும் மண்வெட்டியும் கொண்டு சரளைக் கல்லில் இத்தனை குழி தோண்ட இன்று ஆள் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாகாது. அதனால்தான் சிறு தோட்டக்காரர்களும் வேலி போடும் குத்தகையாளர்களும் டிராக்டரின் பின்னால் மாட்டும் குழி தோண்டும் கருவியை, அதாவது ஆகரை, தேடிப் போகிறார்கள்.

கடைக்குப் போனால் பெரும்பாலும் கேட்கப்படும் முதல் கேள்வி, "உங்கள் டிராக்டர் எத்தனை குதிரைத் திறன்?" என்பது. கல் தரைக்கு அது முதல் கேள்வி அல்ல. "உங்கள் நிலத்தில் என்ன கல் இருக்கிறது?" என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்காமல் வாங்கிய கருவி முதல் வாரமே மூலையில் கிடக்கும். கிடந்தால் பணம் மட்டும்தான் நட்டம். எப்படியாவது தோண்ட வைத்துவிட வேண்டும் என்று ஆட்கள் குறுக்கு வழியில் இறங்கும்போதுதான் கை போகிறது, உயிர் போகிறது.

கல் என்றால் எந்தக் கல்?

நம் நாட்டில் வேலிக் குழிக்குத் தடையாக வரும் கல்லை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, செம்மண் சரளை. இதை லேட்டரைட் என்பார்கள். இரும்புச் சத்து இறுகி உருவான சிவப்பு, பழுப்புக் கட்டிகள். பட்டாணி அளவிலிருந்து கோலிக்குண்டு அளவு, சில இடங்களில் கைப்பிடி அளவுக்கும் இருக்கும். தீபகற்பத்தின் மேற்குக் கரை மாநிலங்களில் பரவலாகக் காணப்படும் இந்தச் சரளை மண்ணுக்கு, மண்ணியல் துறையில் 'மலாக்கா' வகை என்றே ஒரு பெயர் உண்டு. மேலே அரை அடி, ஒரு அடி நல்ல மண் போலத் தோன்றும். அதற்குக் கீழே சரளை நெருக்கமாகக் கெட்டித்துக் கிடக்கும். சரியான பல் பொருத்திய ஆகர் இதைத் தோண்டிவிடும். சாதாரண ஆகர் மேலேயே சுற்றிக்கொண்டு பல்லைத் தேய்க்கும்.

இரண்டாவது, மண்ணுக்குள் புதைந்த கருங்கல் உருண்டைகள். தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரங்களில், பேரா, பகாங், சிலாங்கூர், நெகிரி செம்பிலான் மாநிலங்களின் மேட்டு நிலங்களில் இவை அதிகம். கருங்கல் மழையிலும் வெயிலிலும் மக்கி மண்ணாகும்போது, மக்காத நடுப்பகுதி உருண்டைப் பாறையாக மண்ணுக்குள் தங்கிவிடுகிறது. சுற்றிலும் உள்ள மண் மிருதுவாகவே இருக்கும். அதனால்தான் இது ஆபத்து. ஒரு அடி வரை வெண்ணெய்யில் கத்தி இறங்குவதுபோல் போகும் ஆகர், அடுத்த நொடி பாறையில் மோதி நிற்கும்.

மூன்றாவது, அடிப்பாறை. ஈப்போவைச் சுற்றிய கிந்தா பள்ளத்தாக்கு, கிளந்தானின் குவா மூசாங் வட்டாரம் போன்ற சுண்ணாம்புப் பாறைப் பகுதிகளில் மண்ணுக்கு அடியில் பாறை சமதளமாக இருக்காது. ஊசி ஊசியாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு குழியில் ஐந்து அடி மண் இருக்கும். பத்து அடி தள்ளி முக்கால் அடியில் பாறை தட்டும். டிராக்டரில் மாட்டும் சுழல் ஆகர் எதுவும் முழுப் பாறையைத் துளைக்காது. அதற்கு இடித்து இடித்துத் துளைக்கும் கருவி வேண்டும். "இது பாறையையும் தோண்டும்" என்று யாராவது சொன்னால், அவர் சொல்வது பெரும்பாலும் சரளையையும் உதிரும் பாறையையும்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலத்தில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ளச் செலவு எதுவும் இல்லை. வேலி வரப்போகும் கோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்துக் கடப்பாறையால் இரண்டரை அடி வரை குத்திப் பாருங்கள். மேடு, பள்ளம், ஓடைக்கரை என்று வேறுபட்ட இடங்களாக இருக்கட்டும். 'கறக் கறக்' என்று உரசிக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கினால் சரளை. 'டங்' என்று நின்று, அரை அடி தள்ளிக் குத்தினால் இறங்கிவிடுகிறது என்றால் உருண்டைக் கல். எங்கே குத்தினாலும் அதே ஆழத்தில் நிற்கிறது என்றால் அடிப்பாறை. ஒரு காலைப் பொழுது வேலைதான். கடைக்காரரிடம் பேசப் போகும் முன் இதைச் செய்துவிட வேண்டும்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

டிராக்டரின் பின்புறம் மூன்று இணைப்புக் கைகள் இருக்கும். குழி தோண்டும் கருவியின் சட்டம் அதில் மாட்டப்படும். டிராக்டரின் பின்னால் சுழலும் பி.டி.ஓ. முனையிலிருந்து ஒரு தண்டு, கருவியின் கியர்பாக்ஸுக்குப் போகும். கியர்பாக்ஸ் அந்தச் சுழற்சியைக் கீழ்நோக்கித் திருப்பி, வேகத்தைக் குறைத்து, ஆகரைச் சுற்றும்.

பி.டி.ஓ. தண்டின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. கியர்பாக்ஸ் அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால் ஆகர் நிமிடத்துக்கு 180 சுற்று சுற்றும். நான்கில் ஒரு பங்காகக் குறைத்தால் 135 சுற்று. வேகம் குறையும் அளவுக்குத் திருகு விசை கூடும். மண்ணுக்கு வேகம் நல்லது. கல்லுக்கு விசைதான் வேண்டும். சைக்கிளில் மேட்டில் ஏறும்போது கியரை மாற்றுகிறோம் அல்லவா, அதே கணக்கு.

அடுத்து, பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. பெரும்பாலான டிராக்டர்களில் அந்த இணைப்புக் கைகள் மேலே தூக்கும். கீழே அழுத்தாது. நெம்புகோலை இறக்கினால் கருவி தன் சொந்த எடையில் இறங்குகிறது, அவ்வளவுதான். மண்ணில் ஆகரின் நுனி திருகாணி போலத் தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளும். கல்லில் நுனி பிடிக்காது. மேலே சுற்றிக்கொண்டே இருக்கும். 50 குதிரைத் திறன் டிராக்டராக இருந்தாலும் இதே கதைதான். இயந்திரத்தின் பலம் சுற்றுவதற்குத்தான் போகிறது, அழுத்துவதற்கு அல்ல.

மூன்றாவதாக, ஷியர் போல்ட். தண்டும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலோ, ஆகர் மாட்டும் இடத்திலோ வேண்டுமென்றே பலம் குறைவாகச் செய்யப்பட்ட ஒரு போல்ட் இருக்கும். ஆகர் கல்லில் சிக்கினால் கியர்பாக்ஸ் உடைவதற்கு முன் இந்த போல்ட் அறுந்துவிடும். மின்சாரப் பெட்டியில் ஃபியூஸ் போவது போல. ஆக, பெரிய டிராக்டர் வாங்கினால் கல் உடையாது. ஷியர் போல்ட்தான் சீக்கிரம் அறுபடும். இதனால்தான் குதிரைத் திறன் முதல் கேள்வி அல்ல என்கிறோம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

எடையும் அழுத்தமும்: சாதாரணக் கருவிகள் ஆகரோடு சேர்த்து 100 முதல் 200 கிலோ வரை இருக்கும். கல் தரைக்கு எடை கூடிய கருவியே நல்லது. சில நிறுவனங்கள் கீழ்நோக்கி அழுத்தும் ஹைட்ராலிக் சிலிண்டரைத் தனியாக விற்கின்றன. சரளை நிலம் உங்களுடையது என்றால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். இது இருந்தால் ஆகரின் மேல் ஆள் ஏறி நிற்கும் ஆசையே வராது. ஆனால் இதையும் அளவோடு பயன்படுத்த வேண்டும். அளவுக்கு மீறி அழுத்தினால் டிராக்டரின் பின்சக்கரங்கள் தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும்.

பல்: மண் ஆகரின் அடியில் தட்டையான பற்கள் இருக்கும். அவை மண்ணைச் சீவி எடுக்கும். கல் ஆகரின் பற்கள் துப்பாக்கிக் குண்டு வடிவில், நுனியில் டங்ஸ்டன் கார்பைட் பதித்திருக்கும். அவை சரளையைக் கொத்திப் பெயர்க்கும். நல்ல கல் ஆகரில் பற்கள் படிப்படியாக, ஒன்றுக்கு ஒன்று உயரம் மாறி அமைந்திருக்கும். குண்டுப் பற்கள் தம் குழியில் தாமாகச் சுழலும்படி இருப்பதால் ஒரே பக்கம் தேயாது. எந்தப் பல்லாக இருந்தாலும் தேயத்தான் செய்யும். கழற்றி மாற்றக்கூடியதா, மாற்றுப் பல் உள்ளூரில் கிடைக்குமா என்று கேளுங்கள். பற்றவைத்து ஒட்டிய பல் என்றால் சரளை நிலத்துக்கு வேண்டாம்.

இருபக்க வெட்டு: அடிப்பகுதியில் இரண்டு பக்கமும் வெட்டுப் பற்கள் உள்ள ஆகர் நிதானமாகச் சுற்றும். ஒரு பக்கம் மட்டும் வெட்டும் ஆகர், கல்லில் பட்டதும் உதறிக்கொண்டு ஓரம் போகும். குழி கோணலாகும்.

அகலம்: ஆகரின் அகலம் இரண்டு மடங்கானால் எடுக்க வேண்டிய மண் நான்கு மடங்காகும். 6 அங்குலக் குழியை 12 அங்குலமாக்கினால் வேலை நான்கு மடங்கு. எனவே கம்பத்துக்குப் போதுமான அளவுக்கு மேல் போக வேண்டாம். 4 அங்குல சிமெண்டுக் கம்பத்துக்கு 9 அங்குல ஆகர் போதும். சுற்றிலும் கொங்கிரீட் ஊற்ற இடம் இருக்கும். மறுபக்கம், மிகச் சிறிய ஆகரும் சிக்கல்தான். கைப்பிடி அளவுக் கல் சுருள் தகடுகளின் இடைவெளியில் ஏறி வராமல் மாட்டிக்கொள்ளும். நிலத்திலிருந்து தோண்டி எடுத்த கல்லில் பெரியவை இரண்டைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், சுருளுக்கு இடையில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். கூச்சப்பட ஒன்றும் இல்லை.

பாதுகாப்புக் கிளட்ச்: ஷியர் போல்ட்டுக்குப் பதிலாக அல்லது அதோடு சேர்த்து, விசை மீறினால் வழுக்கிக் கொடுக்கும் கிளட்ச் சில கருவிகளில் உண்டு. உருண்டைக் கல் உள்ள நிலத்தில் ஒரு நாளைக்குப் பல முறை போல்ட் மாற்றும் தொல்லை இதனால் குறையும். விலை கூடும். குத்தகைத் தொழிலாகச் செய்பவருக்கு அந்த விலை தகும். ஒரே ஒரு வேலி போடுபவருக்குத் தேவையில்லை.

டிராக்டருக்குப் பொருத்தம்: குதிரைத் திறனை இப்போது கேட்கலாம். சிறிய டிராக்டர்களுக்கான ஆகர்கள் பெரும்பாலும் 20 முதல் 50 குதிரைத் திறன் வரைக்கும் என்று குறிக்கப்பட்டிருக்கும். இயந்திரத்தின் திறனைவிட பி.டி.ஓ. முனையில் கிடைக்கும் திறன் சற்றுக் குறைவு. அந்தக் கணக்கைப் பாருங்கள். அதைவிட முக்கியம், கைகளை முழுக்கத் தூக்கும்போது ஆகரின் நுனி தரைக்கு மேல் வருகிறதா என்பது. சிறிய டிராக்டரில் நீளமான ஆகரை மாட்டினால் நுனி தரையில் இழுபடும். பி.டி.ஓ. தண்டின் நீளமும் உங்கள் டிராக்டருக்கு ஏற்ப வெட்டப்பட வேண்டும். நீளம் கூடினால் தூக்கும்போது முட்டி உடையும். குறைந்தால் பிதுங்கிக் கழன்றுவிடும். விற்பவரே வந்து அளந்து மாட்டித் தரச் சொல்லுங்கள்.

ஹைட்ராலிக் ஆகர் நல்லதா?

பி.டி.ஓ. ஆகரில் ஒரு குறை இருக்கிறது. அது பெரும்பாலும் ஒரே திசையில்தான் சுற்றும். கல்லில் சிக்கினால் பின்னோக்கிச் சுற்றி விடுவிக்க முடியாது. ஹைட்ராலிக் மோட்டாரில் ஓடும் ஆகர், நெம்புகோலை மாற்றினால் எதிர்த்திசையில் சுற்றும். கல் தரையில் இது பெரிய வசதி.

ஆனால் ஹைட்ராலிக் ஆகருக்கு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் ஓட்டம் வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. பல சிறிய டிராக்டர்களின் பம்ப் அவ்வளவு கொடுக்காது. கொடுக்காவிட்டால் ஆகர் சோர்ந்து சுற்றும், எண்ணெய் சூடேறும். கருவியின் தேவையையும் டிராக்டரின் பம்ப் அளவையும் ஒன்றுக்கு ஒன்று வைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

ஹைட்ராலிக் ஆகர் உண்மையில் நன்றாகப் பொருந்துவது மினி எக்ஸ்கவேட்டரில்தான். அதன் கை கீழ்நோக்கி அழுத்தும், ஆகர் முன்னும் பின்னும் சுற்றும், தண்டு எதுவும் ஆள் பக்கத்தில் சுற்றாது. உருண்டைக் கல் குறுக்கிட்டால் ஆகரைக் கழற்றி வாளியை மாட்டிக் கல்லைத் தோண்டி எடுத்துவிடலாம். ஒரே ஒரு முறை வேலி போடப் போகிறீர்கள், நிலத்தில் உருண்டைக் கல் நிறைய என்றால், ஆகர் வாங்குவதைவிட ஓட்டுநரோடு ஒரு மினி எக்ஸ்கவேட்டரைச் சில நாள் வாடகைக்கு எடுப்பது மலிவாக முடியலாம். இரண்டு விலையையும் கேட்டு, குழியின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு குழிக்கு எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அக்கம்பக்கத்தில் நான்கைந்து சிறு தோட்டக்காரர்கள் சேர்ந்தால் வாடகை இன்னும் குறையும்.

குழியைக் குறைக்க முடியுமா?

இதையும் யோசிக்க வேண்டும். வேலியின் இழுவிசையைத் தாங்குவது மூலைக் கம்பங்களும் வாசல் கம்பங்களும்தான். இடையில் நிற்கும் கம்பங்கள் கம்பியைத் தாங்கிப் பிடித்தால் போதும். மூலைகளுக்கும் வாசலுக்கும் நல்ல ஆழக் குழி தோண்டி முட்டுக் கொடுத்துவிட்டு, இடையில் சுத்தியலால் அடித்து இறக்கும் இரும்புக் கோணக் கம்பிகளைப் போட்டால், 330 குழி 20, 30 குழியாகிவிடும். சரளைக்குள் இரும்புக் கம்பி இறங்கும். சிமெண்டுக் கம்பம் இறங்காது.

மாடுகளுக்கு என்றால் மின்வேலியும் உண்டு. அதில் கம்பங்களின் இடைவெளி அதிகம், கம்பமும் லேசானது. ஆனால் அதற்கென்று செய்த, விட்டுவிட்டு அதிர்வு தரும் கருவியை மட்டுமே பயன்படுத்த வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுப்பது சட்டவிரோதம். அது பன்றியை மட்டும் கொல்லாது, வழிபோக்கரையும் கொல்லும்.

அடிப்பாறை தட்டும் இடங்களில், பாறையில் துளைபோட்டு இரும்புக் கம்பியைச் சிமெண்டுக் கலவையால் நிறுத்தலாம். அல்லது தரைக்கு மேலேயே கம்பி வலைக் கூடை செய்து, நடுவில் கம்பத்தை நிறுத்தி, தோண்டிய கற்களாலேயே நிரப்பலாம். கூடையின் எடை கம்பத்தைப் பிடித்துக்கொள்ளும். கல்லை எதிரியாகப் பார்க்காமல் வேலைக்கு எடுத்துக்கொள்ளும் முறை இது.

தோண்டும் முறை

கல் தரையில் வேகம் வேண்டாம். டிராக்டரின் விசையைக் குறைத்து, ஆகரை மெல்லச் சுற்ற விடுங்கள். ஒரே மூச்சில் இரண்டரை அடி இறக்கக் கூடாது. அரை அடி இறக்கி, தூக்கி, மண்ணைக் கொட்டி, மறுபடி இறக்க வேண்டும். இப்படிச் செய்யாவிட்டால் ஆகர் திருகாணி போல இறங்கிக் கீழே மாட்டிக்கொள்ளும். டிராக்டரால் தூக்க முடியாது.

காய்ந்த செம்மண் சரளை கல்போல் இறுகும். ஈரத்தில் இளகும். மழை பெய்து ஓரிரு நாள் கழித்துத் தோண்டுவது எளிது. வெயில் காலமாக இருந்தால், முதல் நாள் எல்லா இடத்திலும் முக்கால் அடிக் குழி போட்டு, தண்ணீர் ஊற்றி விட்டுவிட்டு, மறுநாள் தொடரலாம். கெட்டியான சரளையில் முதலில் 6 அங்குல ஆகரால் துளைபோட்டு, பிறகு 9 அங்குல ஆகரை இறக்குவதும் பலன் தரும்.

பாறை தட்டினால் அதோடு சண்டை போட வேண்டாம். ஒரு அடி முன்னேயோ பின்னேயோ கோட்டிலேயே நகர்த்துங்கள். வேலிக்கு ஒரு அடி வித்தியாசம் பெரிதல்ல. ஆனால் நில அளவைத் துறை நட்ட எல்லைக்கல்லை மட்டும் அசைக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம்.

பழைய தோட்ட நிலங்களில் லயத்துக்குப் போன தண்ணீர்க் குழாய்கள் இன்னும் மண்ணுக்குள் இருக்கும். மின் கேபிள், எரிவாயுக் குழாய் போகும் நிலங்களும் உண்டு. மஞ்சள் எச்சரிக்கைக் கம்பங்கள் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் சம்பந்தப்பட்ட நிறுவனத்தைக் கேட்காமல் தோண்டக் கூடாது.

டுரியான் அல்லது செம்பனைக் கன்றுக்கு ஆகரால் குழி போடுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். களிமண் கலந்த நிலத்தில் ஆகர் குழியின் சுவரை மெழுகியதுபோல் வழவழப்பாக்கிவிடும். வேர் வெளியே போகாமல் குழிக்குள்ளேயே சுற்றும், தண்ணீரும் தேங்கும். கன்று நடும் முன் கடப்பாறையால் சுவரைக் கொத்திச் சொரசொரப்பாக்கி விடுங்கள்.

உயிர் போகும் இடம்

கல் தரையில் நடக்கும் விபத்துகளுக்கு மூன்று பழக்கங்கள் காரணம். மூன்றுமே ஆகர் இறங்கவில்லை என்ற அவசரத்தில் பிறப்பவை.

ஒன்று, ஆகரின் சட்டத்தின் மேல் ஆள் ஏறி நின்று அழுத்துவது. "கொஞ்சம் வெயிட் குடுடா தம்பி" என்று பெரியவர் சொல்ல, இளைஞன் ஏறுவான். அவன் காலுக்குப் பக்கத்தில் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 முறை, அதாவது விநாடிக்கு 9 முறை சுற்றிக்கொண்டிருக்கும். 3 அங்குலத் தண்டு விநாடிக்கு ஏழு அடித் துணியைச் சுற்றி இழுக்கும். கட்டியிருக்கும் கைலி முழுவதும் சுற்றிக்கொள்ள ஒரு விநாடி போதும். "நிறுத்து" என்று கத்தி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இரண்டு, அறுந்த ஷியர் போல்ட்டுக்குப் பதில் கடினமான போல்ட்டைப் போடுவது, அல்லது கிடைத்த ஆணியை, வெல்டிங் கம்பியைச் சொருகுவது. அடுத்த முறை கல் தட்டும்போது போல்ட் அறுபடாது. கியர்பாக்ஸ் உடையும், தண்டு முறிந்து வீசும், அல்லது டிராக்டரே உதறும். தற்காலிகமாகச் சொருகிய நீண்ட போல்ட்டின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதுவே துணியைப் பிடிக்கும் கொக்கியாகிவிடும். கருவியின் கையேட்டில் சொன்ன அளவும் தரமும் உள்ள போல்ட்டை மட்டும், 20 உபரியாக வாங்கி, டிராக்டரின் பெட்டியிலேயே வைத்திருங்கள். அதன் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

மூன்று, மாட்டிக்கொண்ட ஆகரை இயந்திரம் ஓடும்போதே விடுவிக்கப் பார்ப்பது. பி.டி.ஓ.வை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, தண்டு சுழல்வது முற்றிலும் நின்ற பிறகே கீழே இறங்க வேண்டும். பெரிய குழாய்ப் பிடியை ஆகரின் தண்டில் மாட்டிக் கையால் பின்னோக்கித் திருகினால் ஆகர் விடுபடும். நேரம் ஆகும். ஆகட்டும்.

வேலை நடக்கும்போது ஓட்டுநர் இருக்கையில் மட்டுமே இருக்க வேண்டும். தரையில் நின்று நெம்புகோலை இழுப்பது கூடாது. மற்ற யாரும் 20 அடிக்குள் வரக் கூடாது, குறிப்பாகப் பிள்ளைகள். குழிக்கு நேராக டிராக்டரை நிறுத்த அடையாளம் காட்டுபவர், ஆகர் சுற்றத் தொடங்கும் முன் விலகிவிட வேண்டும். தொளதொளச் சட்டை, கைலி, தோள் துண்டு, தொங்கும் கயிறு, விரித்த கூந்தல் எதுவும் வேண்டாம். தண்டின் மேல் உள்ள பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் மாற்றும் வரை கருவியைத் தொடக் கூடாது. பழைய கருவி வாங்கும்போது பலர் கவனிக்காமல் விடுவது இந்த உறையைத்தான்.

திருத்தப்பட்ட 1994 வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் சிறிய வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. இரண்டு ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்து வேலி போடும் குத்தகையாளரும் அவர்களின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர். ஆட்களை பெர்கேசோவில் பதிந்திருக்கிறாரா என்று நிலத்துக்காரரும் கேட்பது நல்லது.

கடைக்குக் கொண்டுபோக வேண்டிய கேள்விகள்

1. என் நிலத்தில் இந்தக் கல் இருக்கிறது. இதற்கு எந்தப் பல் பொருந்தும்? மாற்றுப் பல்லும் ஷியர் போல்ட்டும் உங்களிடம் இப்போது இருப்பில் உள்ளனவா?

2. கியர்பாக்ஸ் வேகத்தை எத்தனை மடங்கு குறைக்கிறது?

3. கருவியின் எடை என்ன? கீழ்நோக்கி அழுத்தும் சிலிண்டர் பொருத்த முடியுமா?

4. என் டிராக்டரில் முழுக்கத் தூக்கினால் ஆகரின் நுனி தரையை விட்டு எழும்புமா? தண்டை அளந்து வெட்டி மாட்டித் தருவீர்களா?

5. தண்டின் பாதுகாப்பு உறை முழுமையாக இருக்கிறதா? கையேடு உண்டா?

6. வாங்கும் முன் என் நிலத்தில் இரண்டு குழி தோண்டிக் காட்டுவீர்களா?

கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலே பல சந்தேகங்களைத் தீர்த்துவிடும். தோண்டிக் காட்டத் தயங்குபவரிடம், அல்லது "எந்தக் கல்லுக்கும் இது போதும்" என்று உங்கள் நிலத்தைப் பார்க்காமலேயே சொல்பவரிடம், முன்பணம் கொடுக்க வேண்டாம். இன்னொரு கடையையும் விசாரித்துப் பாருங்கள். வேலி ஒரு வாரம் தாமதமானாலும் பரவாயில்லை.